நல்ல நேரத்தில் ஒரு நேர்காணல்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்க்கலாம். ஓர் அறைக்குள் ஒருத்தி மட்டும் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே நாலு பேர் பேசும் சத்தம் கேட்கிறது. வெளியே வரும்போதும் ஒருத்திதான் வருவாள். மற்ற மூவருக்கும் தலை உண்டு, தோள் உண்டு. இடுப்பு கிடையாது, கால் கிடையாது. ஓர் அடிகூட நடக்க மாட்டார்கள், ஆனால் வீட்டில் இருக்கிற பிள்ளையை வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யார் அவர்கள்? யோசியுங்கள். எனக்கும் இப்போது யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, ஏனென்றால் நான் அந்தக் கதவுக்கு வெளியேதான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், அசையக் கூடாது, இருமக் கூடாது. சரி, நானே சொல்லிவிடுகிறேன், உங்களைக் காக்க வைக்க எனக்குப் பொறுமை இல்லை. லேப்டாப்பில் நேர்காணல் எடுக்கிறவர்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். உள்ளே போனவள் என் மகள் யோகஸ்ரீ, பதினொன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள், வீட்டில் யோகு. கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று முகாம் நடத்துகிறார்களாம், அங்கே போய்த் தங்கி ஏதாவது ஒன்றைப் படிக்க வேண்டுமாம், அதற்குத்தான் இந்தக் கேள்வியும் பதிலும். விடுமுறை என்றால் படிக்காமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். இப்போது விடுமுறைக்கே பரீட்சை வைக்கிறார்கள்.

மின்விசிறி ஓடினால் காற்று மைக்கில் அடிக்கிறதாம், அதனால் உள்ளே அதை நிறுத்திவிட்டாள், பங்குனி வெயிலுக்கு உள்ளே அவள் வேர்த்து ஒழுகிக்கொண்டிருப்பாள், நெற்றியில் வைத்த பொட்டு கரைந்து மூக்குக்கு வந்திருக்குமோ, வந்திருந்தால் அந்த மூன்று பேர் என்ன நினைப்பார்கள், ஒட்டுகிற பொட்டு வைத்துக்கொள் என்றேன், கேட்டாளா. குக்கரை அடுப்பிலேயே ஏற்றவில்லை, விசில் வந்துவிடும். காலிங் பெல்லின் மேல் டேப் ஒட்டி, பக்கத்தில் 'அழுத்தாதீர்கள்' என்று எழுதி வைத்திருக்கிறேன், எழுதியதைப் பார்த்து எவனாவது எதற்கு என்று கேட்க அழுத்துவானோ என்று இப்போது தோன்றுகிறது. கீரைக்காரம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், நாளைக்கு எங்கள் வாசலில் கூவாமல் போங்கள் என்று, அந்த அம்மா என்னிடம் கோபித்துக்கொண்டு நாளைக்குக் கீரையே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும் அடக்கிவிட்டேன். நேரம்கூட நான் பார்த்ததுதான். மூன்று நேரங்கள் கொடுத்திருந்தார்கள், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று. ஒன்பதரை, பதினொன்று, மூன்றரை. யோகு மூன்றரை என்றாள், காலையில் தன் குரல் தவளை மாதிரி இருக்குமாம். வெள்ளிக்கிழமை மூன்றரை எமகண்டம். பதினொன்று ராகு காலம். காலண்டரைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினேன், ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம், இதோ அச்சடித்தே இருக்கிறது. "அம்மா, அந்த மூணு பேருக்கும் அதே நேரம்தானே? ராகு காலத்துல கேள்வி கேக்குறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றாள். "கேக்குறவங்களுக்கு என்ன ஆகும், பதில் சொல்றவளுக்குத்தான் எல்லாம்" என்றேன். "சரி, உனக்காக" என்று ஒன்பதரையை அழுத்தினாள். தவளைக் குரலோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுத்தேன், பாதிதான் குடித்தாள்.

நாலு முகாமுக்கு எழுதிப் போட்டாள். ஒன்றுக்குப் போட்டால் போதாதா என்று கேட்டதற்கு, ஒன்றுக்குப் போட்டால் அது இல்லை என்று சொல்லும்போது ரொம்ப வலிக்கும், நாலுக்குப் போட்டால் வலியை நாலாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றாள். கணக்கில் கெட்டிக்காரி. சென்னையில் கணக்கு முகாம், அது அவள் அப்பாவுக்காக. அவர் போடி மதுரை பஸ்ஸில் கண்டக்டர், பயணிகள் எத்தனை டிக்கெட் கேட்டாலும் மனதிலேயே கூட்டிச் சொல்வார், கணக்கு தன் ரத்தம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பெங்களூரில் கம்ப்யூட்டர் முகாம், அது அவள் வகுப்பு டீச்சர் சொன்னது. மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல், அது நான் சொன்னது, நான் ஏன் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். கடைசி ஒன்று ராமேஸ்வரம் பக்கம், கடற்கரையில், கடலில் வாழ்கிற உயிர்களைப் பற்றி. அதை யாரும் சொல்லவில்லை. நாலிலும் ஒரே கேள்வி, இதில் உனக்கு ஏன் ஆசை என்று ஒரு பக்கத்துக்கு எழுது. நான் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். சென்னைக்கு எழுதியதில் சின்ன வயதிலிருந்தே எண்களோடு விளையாடினேன் என்று இருந்தது, எனக்குத் தெரிந்து அவள் சின்ன வயதில் மண்ணோடுதான் விளையாடினாள். பெங்களூருக்கு எழுதியதில் எதிர்காலம் என்று ஆறேழு இடத்தில் வந்தது. மதுரைக்கு எழுதியது சுருக்கம். கடலுக்கு எழுதியதை மட்டும் அவள் வாசிக்கவில்லை, நீயே படி என்று போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். வெங்காயக் கையோடு படித்தேன். 'நான் கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்' என்று ஆரம்பித்திருந்தாள். அடிப்பாவி, ஆசைக்கு இப்படியா காரணம் சொல்வார்கள், பத்துத் தடவை என்று போட்டால்தான் என்ன. அதற்குக் கீழே அந்த ஒரு தடவையை அப்படியே எழுதியிருந்தாள். என் மாமனார் செத்த வருஷம், காரியம் செய்ய ராமேஸ்வரம் போனோம், அங்கிருந்து தனுஷ்கோடிக்கு வேன். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது, மறுபக்கம் அலை அடித்து நொறுங்கியது. வேன்காரர் இது பெண் கடல், அது ஆண் கடல் என்றார். யோகுவுக்கு அப்போது பத்து வயது. "சத்தம் போடாததுதான் பொண்ணா? காலையில தண்ணி வரலைன்னா எங்கம்மாவை வந்து பாருங்க" என்றாள், வேனே சிரித்தது, என் மாமியார்கூட, அந்தத் துக்கத்தில்கூடச் சிரித்தார்கள். பிறகு அவள் சிரிக்காமல் கேட்டாளாம், இந்தப் பக்கத்து மீன் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் பிழைக்குமா, அதற்குப் பழகிவிடுமா என்று. நான் அதைக் கேட்ட ஞாபகமே எனக்கு இல்லை. யாரும் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள். இன்னும் பதில் தெரியாது, அதனால் வர ஆசைப்படுகிறேன் என்று முடித்திருந்தாள். வெங்காயம்தான், வேறு ஒன்றும் இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெங்களூர்க்காரர்கள் வருந்துகிறோம் என்று எழுதிவிட்டார்கள். சென்னையும் மதுரையும் வா என்று சொல்லிவிட்டன. சென்னைக்கு இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், மதுரைக்கு அடுத்த வாரம் வரை பொறுக்கலாம், கடல்காரர்கள் இப்போதுதான் கேள்வி கேட்கிறார்கள், முடிவு திங்கட்கிழமைதானாம். ஆக இன்று சாயங்காலம் அவள் ஏதோ ஒன்றை விட்டாக வேண்டும். எதை விடுவாள் என்று மூன்று நாளாக நான் கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன சொல்றே என்று திருப்பிக் கேட்பாள். நான் மதுரை என்பேன். மதுரை என்றால் அங்கே தங்க வேண்டியதில்லை, காலையில் அப்பா பஸ்ஸிலேயே போகலாம், அப்பா பஸ்ஸிலேயே திரும்பலாம், ராத்திரி என் கையால் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் படுப்பாள். இதுதான் காரணம், இயற்பியல் எல்லாம் சும்மா. அவளுக்கு நீச்சல் தெரியாது. கத்திரிக்காய் சாப்பிட மாட்டாள். ஒரு அலாரம் வைத்தால் எழுந்திருக்க மாட்டாள், இரண்டாவது அடிக்கும்போது நான் உலுக்கித்தான் எழுப்ப வேண்டும். வயிற்று வலி வருகிற நாளில் யாரோடும் பேச மாட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், அவள் கேட்காமலே நான் வெந்நீர்ப் பையைக் கொண்டுபோய் வைப்பேன், அங்கே யார் வைப்பார்கள், கடற்கரையில் யார் கண்டுபிடிப்பார்கள் இவள் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று. படகில் ஏற்றுவார்களாம். உயிர்காக்கும் சட்டை கொடுப்பார்களாம், அந்தச் சட்டை இவள் அளவுக்கு இருக்குமா, இவள் ஒல்லி, கழன்றுவிட்டால். சே, வாயில் வருவதைப் பார், நல்ல நேரத்தில் உட்கார்ந்துகொண்டு. வேறு நினை. உள்ளே அந்தப் பெண்மணியின் குரல் ஏதோ கேட்கிறது, தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல. பிறகு யோகுவின் குரல், தவளைதான், ஆனால் தெளிவாக: "தெரியல மேடம்." தெரியல என்றா சொல்வார்கள்? பள்ளிக்கூடத்தில் அவள் இந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை, தெரியாவிட்டால் தெரிந்த வேறு எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டு வந்து என்னிடம் சிரிப்பாள். சமாளிடி, எதையாவது சொல்லுடி. உள்ளே சிரிப்புச் சத்தம். ஆண் குரல் ஏதோ நீளமாகப் பேசுகிறது. யோகு "ஓ!" என்கிறாள். பரீட்சையில் யாராவது ஓ என்பார்களா.

அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..." எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற மின்கம்பத்தில் கூம்புக்குழாய் கட்டியிருக்கிறார்கள், நேற்று ராத்திரி கட்டியிருக்க வேண்டும், நான் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது, என் கண் முழுக்க காலிங் பெல்லில் இருந்தது. காளியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு இன்று பந்தல்கால். ஹலோ நின்றது, நாதஸ்வரம் ஆரம்பித்தது, சுவரில் மாட்டியிருந்த தட்டு அதிர்ந்தது. அந்த நொடியில் எனக்குள் என்ன தோன்றியது தெரியுமா? கோபம் இல்லை, பயம் இல்லை. நல்லதாப் போச்சு என்று தோன்றியது. போச்சு, கெட்டுப் போச்சு, இனி அந்த மூன்று பேருக்கும் இவள் பேசுவது ஒன்றும் கேட்காது, கடல் இல்லை, படகு இல்லை, சட்டை இல்லை, அம்மனே பார்த்து நிறுத்திவிட்டாள், மதுரைதான். உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி ஒரு நிம்மதி. அதைப் போல ஒன்று எனக்குள் இருந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெற்றவள்தானே நான், வாசல் வரை வந்த நாயை விரட்டுவதைப் போல அதை விரட்டிக்கொண்டே எழுந்தேன், செருப்பைப் போடவில்லை, ஓடினேன், தார் ரோடு காலைச் சுட்டது.

கோயில் முன்னால் மூங்கிலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். மைக்செட் சடையாண்டி பெட்டிக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். "நிறுத்துடா சடையாண்டி!" "என்னக்கா? கேக்கல!" "உனக்கே கேக்கலைல்ல, நிறுத்து!" குறைத்தான். "யோகு உள்ள பரீட்சை எழுதுறாடா." "பரீட்சை போன வாரமே முடிஞ்சிருச்சேக்கா, எந்தங்கச்சி ஊருக்கே போயிட்டா." "இது வேற. கம்ப்யூட்டர்ல கேள்வி கேக்குறாங்க, வாயால சொல்லணும்." கமிட்டித் தலைவர் வேலுச்சாமி அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வந்தார். மாவுமில் வைத்திருக்கிறவர், எந்த விஷயத்தையும் சட்டமாகப் பேசுவார். "ஏம்மா ஜெயக்கொடி, பத்தே காலுக்குள்ள கால் ஊனணும். நல்ல நேரம் தப்பிப் போச்சுன்னா யாரு பொறுப்பு? காலண்டர் பாத்துல்ல குறிச்சிருக்கோம்." "நானும் காலண்டர் பாத்துத்தாண்ணே குறிச்சேன்." "எந்தக் காலண்டரு?" "உங்க மில்லு காலண்டரு. தை மாசம் நீங்கதானே வீட்டுக்கு வீடு குடுத்தீங்க." சடையாண்டி பலகையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். தெருவுக்கே ஒரே காலண்டர், ஒரே நல்ல நேரம், சாமியும் அதில்தான் வரும், என் மகளின் நேர்காணலும் அதில்தான் வரும், இது ஏன் எனக்கு முன்னாலேயே உறைக்கவில்லை. ராகு காலத்தில் வைத்திருந்தால் இந்தத் தெருவில் ஒரு ஈ காக்காய்கூட வாயைத் திறந்திருக்காது. "அப்ப என் மேலதான் கேசு போடுவே போல" என்றார் வேலுச்சாமி அண்ணன். "சரி, என்னதுக்கு இந்தப் பரீட்சை?" "கடல்ல என்னென்ன உசுரு இருக்கு, எப்படி வாழுதுன்னு பாக்கறதுக்கு." "மீனு பாக்கவா பரீட்சை? நான் வாராவாரம் சந்தையில பாக்குறேன், ஒருத்தனும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லையே" என்றான் சடையாண்டி. "போடியில ஏதும்மா கடலு?" என்றார் அண்ணன். "இல்லைங்கறதாலதான் அங்க போறா" என்றேன்.

போறா என்றேன். போகணும் என்று இல்லை, போனாலும் போவாள் என்று இல்லை. நான் சொன்னதை நானே கேட்டேன். மதுரையை நினைத்துக்கொண்டு ஓடி வந்தவள் நடுத்தெருவில் நின்று, ஐந்தாறு ஆம்பிளைகள் முன்னால், மகளைக் கடலுக்கு அனுப்பிவிட்டேன். வேலுச்சாமி அண்ணன் மணியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "பாட்டு இல்லாம பந்தக்கால் ஊன முடியாது. அவங்க வீட்டு வாசல் கொழாயை மட்டும் கழட்டி விடுறா." சடையாண்டி ஏணியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான், நான் பின்னால் ஓடினேன், கம்பத்தில் அவன் ஏறியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து "அக்கா, யோகு பெரிய ஆளானா எங்களையெல்லாம் மறந்துருமா?" என்றான். "முதல்ல வயரைப் பிடுங்குடா" என்றேன். பிடுங்கினான். எங்கள் வாசலுக்கு மேல் மட்டும் ஒரு வட்டம் போல அமைதி இறங்கியது. தெருக்கோடிக் குழாய்களில் நாதஸ்வரம் எங்கேயோ பக்கத்து ஊரில் வாசிப்பது மாதிரி மெலிந்து கேட்டது. உள்ளங்காலில் மஞ்சள் ஒட்டியிருந்தது, எதை மிதித்தேனோ.

திரும்ப வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். யோகு பேசுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி பேசுகிறாள், சத்தமாக, வேகமாக, என்னிடம் தெருச்சண்டையைச் சொல்கிற மாதிரி கையை ஆட்டித்தான் பேசிக்கொண்டிருப்பாள். என்ன பேசுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை, பாதி இங்கிலீஷ், ஆனால் அந்தக் குரலில் பயம் இல்லை என்பது புரிந்தது. பயம் இருந்தால் அவள் குரல் மேலே ஏறி ஓரத்தில் பிசிறடிக்கும், எனக்குத் தெரியும், சென்னை நேர்காணலின்போது முழுக்கப் பிசிறடித்தது, அதிலும் தேர்வானாள், ஆனால் முடிந்ததும் வந்து தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்துவிட்டாள். இது வேறு குரல். கழன்றுவிடுமோ என்று நான் பயந்த சட்டையை மறுபடி நினைத்துப் பார்த்தேன், வேண்டுமென்றே. இறுக்கிக் கட்ட நாடா இருக்கும். அந்த மேடம் கட்டிவிடுவார், சிரிக்கிற மேடம். கத்திரிக்காயை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிடுவாள், இங்கேயும் அதைத்தானே செய்கிறாள். வெந்நீர்ப் பையைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தெரியாதவளா, தெரியல என்று மூன்று பேர் முன்னால் சொன்னவள். சுவரில் தலையைச் சாய்த்தேன், சுவர் குளிர்ச்சியாக இருந்தது, அப்படியே கொஞ்சம் கண்ணைக்கூட மூடியிருப்பேன்.

கதவு திறந்தது. பொட்டு உண்மையிலேயே மூக்கு வரை கரைந்திருந்தது. "முடிஞ்சிருச்சும்மா." "எப்படிடி?" "தெரியல. நல்லாப் பேசினாங்க. நான் எழுதின மீன் கேள்வியைத்தான் கேட்டாங்க, உனக்கு என்ன தோணுதுன்னு. தெரியலன்னு சொன்னேன், ஆனா எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு சொன்னேன்." மின்விசிறியைப் போட்டுவிட்டு அதற்கு நேர் கீழே நின்றாள். "பாட்டு வேற ஆரம்பிச்சிருச்சுல்ல, ஒண்ணுமே கேக்கல. அந்த சார் என்ன சத்தம்னார். கோயில்ல பந்தக்கால் சார், எங்கம்மா போயிருக்காங்க, இப்ப நின்னுரும்னு சொன்னேன். சிரிச்சாங்க. நின்னுருச்சு." "நான் போனது உனக்கு எப்படித் தெரியும்? கதவு சாத்தித்தானே இருந்துச்சு?" "தெரியாது. நீ போவேல்ல" என்றாள், சோறு வெந்ததா என்று கேட்கிற மாதிரி. நான் குக்கரை ஏற்றப் போனேன். அடுப்பைப் பற்ற வைக்க இரண்டு தடவை முயன்றேன், சிரிப்பு வந்தது, அடக்கவில்லை, இனி யாருக்காக அடக்க வேண்டும். விசில் வரட்டும், எத்தனை வேண்டுமானாலும் வரட்டும்.

சோறு வேகிறபோது அவள் அப்பா மதுரை பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தார். பின்னால் திண்டுக்கல் திண்டுக்கல் என்று யாரோ கூவிக்கொண்டிருந்தார்கள். "சாயங்காலம்தானே சென்னைக்குக் கடைசி? எழுதிட்டாளா?" என்றார். போனை அவளிடம் கொடுத்தேன். "எழுதிட்டேம்ப்பா. வரலைன்னு எழுதிட்டேன்." "கணக்குல என்னம்மா குறை?" என்றார். "ஒண்ணும் குறையில்லப்பா." "கடல்காரங்க இல்லைன்னுட்டா?" "மதுரை இருக்குல்ல, உங்க பஸ்லயே வர்றேன்." "எடுத்துக்கிட்டா?" "போறேன்ப்பா." "ராமேஸ்வரத்துக்கு மதுரையில மாறணும், நேர் வண்டி கம்மி. நம்ம ஆளு ஒருத்தர் அந்த ரூட்ல இருக்காரு, சொல்லி வைக்கிறேன்" என்றார்.

யோகஸ்ரீ சென்னையை விட்டுவிட்டாள். திங்கட்கிழமை இடம் கிடைத்தால் கடலுக்குப் போகிறாள், கிடைக்காவிட்டால் மதுரைக்குப் போகிறாள்.